ஆண்டு பாஸ்: காரைக்குடியிலிருந்து சென்னைப் பூங்காவுக்குக் கட்டுபடியாகுமா?

காரைக்குடியில் இருந்துகொண்டு சென்னைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு நாலு பேருக்கு ஆண்டு பாஸ் எடுக்கலாமா, பாஸ் விலை மூன்று நாள் டிக்கெட் அளவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம்.

நாலாவது தடவை போனால்தான் லாபம். ஆனால் சென்னை நமக்கு 400 கிலோமீட்டர். விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறினாலும் எழும்பூரில் இறங்க மதியம் ஆகிவிடும். அன்றைக்கு உள்ளே போய்ப் பிரயோசனமில்லை. ராத்திரி தங்க அறை, ஆட்டோ, பூங்காவுக்குள்ளே சாப்பாடு (வீட்டு முறுக்கைக்கூடப் பல இடங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்) எல்லாம் ஒவ்வொரு தடவையும் உண்டு. பாஸ் இதில் எதையும் குறைக்காது.

நாங்கள் ஒரு வருடம் வேறொரு பூங்காவில் எடுத்து ஏமாந்தோம். பொங்கல் லீவில் போய் நின்றால், பண்டிகை நாட்களில் செல்லாது என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. நமக்கு லீவு கிடைப்பதே அப்போதுதான்! மொத்தம் இரண்டு தடவைதான் போனோம்.

இன்னொன்று, பல பூங்காக்களில் சிறுவர் டிக்கெட் வயதுக்கு அல்ல, உயரத்துக்கு. உங்கள் பெரிய பையனை வீட்டு வளவுத் (உள்முற்றம்) தூணோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். எல்லைக்கு ஒட்டி இருந்தால், வருட நடுவில் வளர்ந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

சென்னையில் ஆயா (பாட்டி) வீடு இருந்து, லீவெல்லாம் அங்கேதான் என்றால் சரி, எடுங்கள். இல்லையென்றால் மதுரை பரவையில் ‘அதிசயம்’ பூங்கா இருக்கிறது. காலையில் கிளம்பினால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம்.