துடுப்புப் போடுகிறவர், தண்டு வலிக்கிறவர், பாய்க்கப்பல் ஓட்டுகிறவர்: தமிழில் எல்லாருமே ‘படகோட்டி’தானா?

ஆங்கிலத்தில் ஆளுக்கொரு பெயர் இருக்கிறது, தமிழில் ‘படகோட்டி’யை விட்டால் வேறு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. சொல் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. கடற்கரை ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியே எல்லாரையும் படகோட்டி ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு ஊர் வல்வெட்டித்துறை, யாழ்ப்பாணத்தின் வடகரை. அம்மாவின் தகப்பனாரை அப்பு என்போம். அவர் பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்தவர். தண்டையல் என்றால் கப்பலின் தலைவர். எப்போது பாய் விரிப்பது, எங்கே நங்கூரம் போடுவது, சரக்குக்கும் ஆட்களுக்கும் யார் பொறுப்பு என்பதெல்லாம் அவர் தலையில். எங்கள் ஊர்க் கப்பல்கள் பர்மா வரை போய் அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தவை. சோழகம் என்ற தென்காற்றில் வடக்கே ஏறி, வாடை பிறந்ததும் திரும்புவார்கள். எஞ்சின் கிடையாது. திசைகாட்டியும் வானத்து வெள்ளிகளும்தான்.

அப்பு இறந்தபோது குடும்பம் சென்னையில் இருந்தது. எங்கள் பக்கம் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு, இறந்தவரின் வாழ்க்கையை எழுதி ஒரு நினைவு மலர் அச்சடிப்போம். அதற்குக் கல்வெட்டு என்று பேர். மாமா அதில் ‘பர்மாவுக்குக் கப்பல் செலுத்திய தண்டையல்’ என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தார். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. சென்னையில் தண்டல் என்றால் வட்டிப் பணம் வசூலிப்பது அல்லவா, இறந்தவருக்கு இழுக்காகிவிடும் என்று நினைத்து, எங்களைக் கேட்காமலே ‘படகோட்டி’ என்று மாற்றிவிட்டார். கட்டுப் பிரித்தபோதுதான் பார்த்தோம். அம்மம்மா ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். மாமா இரவு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் பேனாவால் அடித்துத் திருத்தினார். அச்சகக்காரர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதைச் சொன்னால் ‘படகோட்டி என்றால் கேவலமா?’ என்று யாராவது வருவீர்கள். இல்லை ஐயா. அலையில் வள்ளம் தள்ளுகிறவரின் வேலை எந்த விதத்திலும் குறைந்ததில்லை, அதற்கும் அதற்குரிய பேர் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கையில் மட்டும் பிடித்து, முன்னே பார்த்தபடி தள்ளுவது துடுப்பு. எங்கள் பக்கத்தில் சவள் என்போம், ‘சவள் போடுகிறவர்’ என்றால் போதும். படகின் விளிம்பில் பொருத்தி, பெரும்பாலும் பின்னோக்கி உட்கார்ந்து இழுப்பது தண்டு. அதனால்தான் ‘தண்டு வலித்தல்’, வலிக்கிறவர் தண்டு வலிப்பவர். ஆழமில்லாத பரவைக் கடலில் நீளக் கம்பை ஊன்றித் தள்ளுவது மரக்கோல். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி, சுக்கான் என்பது அரபியிலிருந்து வந்தது. தண்டையலைத் தமிழகக் கரையில் தண்டல் என்றும், குஜராத், மகாராஷ்டிரப் பக்கம் தண்டேல் என்றும் சொல்கிறார்கள். சம்மாட்டி என்பவர் வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்திருக்கும் முதலாளி, அவரைப் படகு ஓட்டுபவர் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒகேனக்கலில் பரிசல்காரர். ஆற்றுத்துறையில் ஓடக்காரர். பழைய சொல் வேண்டுமென்றால் நீகான் இருக்கிறது. மாடத்து விளக்கொளியைப் பார்த்துத் துறை அறிந்து கலத்தைச் செலுத்துகிற நீகான் அகநானூறு 255ஆம் பாட்டில் வருகிறார்.

எங்கள் ஊரில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தன் மனைவி பேரை வைத்தார். எங்கள் ஊர்க் கடலோடிகள் அதை ஓட்டிப்போய் 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அப்பு அதில் போகவில்லை, அந்தப் பெருமையை நான் எங்கள் வீட்டுக்கு இழுக்கவில்லை. ஆனால் இப்படிப் போனவர்களை எந்த வாயால் வெறும் படகோட்டி என்பது?

இன்னொன்று, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி செய்கிறோம் என்று எங்கள் வீட்டுக்கு வந்த இருவர், அப்புவின் கப்பல் படங்களையும் சரக்குக் கணக்குப் புத்தகத்தையும் பிரதி எடுத்துத் தருவதாக வாங்கிப் போனார்கள். அம்மா சாப்பாடு போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. வீட்டில் வயதானவர்களின் காகிதம் ஏதாவது இருந்தால், தயவுசெய்து அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். விளையாட்டுப் போட்டி என்றால் பத்திரிகைகள் எழுதுவதே சரி: துடுப்புப் படகு வீரர், பாய்மரப் படகு வீரர். பாய்மரப் படகு ஓட்டும் சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போனபோது அப்படித்தான் எழுதினார்கள். சரக்குக் கப்பலின் தலைவர் என்றால் தண்டையல் என்றே போடுங்கள். மெய்ப்புப் பார்ப்பவரிடமும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.