வாசகர் கேள்வி பதில்: லினக்ஸ் போட்டன், மெஷின் எழும்புதில்ல

2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழமையான சப்போர்ட்ட நிப்பாட்டிட்டு. அதுக்குப் பொறகு, பழைய லெப்டொப்ப வீசவும் மனமில்லாம புதுசு வாங்கக் காசுமில்லாம லினக்ஸ் எண்ட இலவச ஒப்பரேட்டிங் சிஸ்டத்துப் பக்கம் வந்த ஆக்கள்ட கடிதம்தான் இந்த முறை கனக்க. எல்லாருக்கும் முதல்ல ஒண்டு சொல்றன். மெஷின் எழும்பல்ல எண்டா உடன திரும்ப இன்ஸ்டால் பண்ணாதீங்க. ஸ்க்ரீன்ல கடைசியா நிக்கிற வரிய போன்ல ஒரு போட்டோ எடுங்க. பயோஸ்லயே (மதர்போர்ட்ல இரிக்கிற, மெஷின எழுப்புற புரோகிராம்) நிண்டிச்சா, கிரப்ல (டிஸ்க்ல இருந்து லினக்ஸ எழுப்பி விடுற புரோகிராம்) நிண்டிச்சா, கேர்னல் (ஒப்பரேட்டிங் சிஸ்டத்துட அடி மூளை) ஏறினாப் பொறகு நிண்டிச்சா எண்டுறத அந்த வரிதான் காட்டும், மருந்தும் அதுக்கேத்த மாதிரித்தான். ஆக்கள்ட படமும் பாடமும் அழியிறது அனேகமா அந்த அவசர ரீஇன்ஸ்டால்லதான், அதப் பாத்துப் பாத்து எனக்கு மனசு விட்டுப் போயிரிக்கு.

கட்டளைகள தமிழ் உச்சரிப்புல எழுதியிரிக்கன், அடிக்கக்குள்ள இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க.

கேள்வி: அண்ணா, விண்டோஸ் 10 இருந்த சி டிரைவ அழிச்சிட்டு அதில லினக்ஸ் மின்ட் போட்டன். டி டிரைவத் தொடல்ல, கெம்பஸ் நோட்ஸ் எல்லாம் அதிலதான் இரிக்கு. கடைசி நேரத்தில கிரப் இன்ஸ்டால் ஃபெயில்ட் எண்டு ஒண்டு வந்திச்சு, ஓகே அடிச்சிட்டன். இப்ப ஓன் பண்ணினா நீலக் கலர்ல உங்கட பிசிய ரிப்பேர் பண்ணணும் எண்டு விண்டோஸ்தான் வருது. அழிச்ச விண்டோஸ் எப்பிடி வரும்? முழு டிஸ்க்கையும் அழிச்சிட்டுத் திரும்பப் போடவா? (களுவாஞ்சிகுடி, மாணவி)

பதில்: வேணாம் தங்கச்சி, டி டிரைவ் பத்திரமா இரிக்கு, மின்ட்டும் முக்கால்வாசி ஏறித்தான் இரிக்கு, வாசல்தான் பிழை.

பழைய முறையில, லெகசி எண்டு சொல்ற அந்த முறையில, கொம்பியூட்டர் எழும்பின உடன டிஸ்க்ட முதல் 512 பைட்டத்தான் வாசிக்கும், அதில 446 பைட்டுக்குள்ளதான் பூட் கோட் (எழுப்பி விடுற நிரல்) இரிக்கணும். பழைய பயோஸுக்குப் பதிலா யூஈஎஃப்ஐ எண்ட புது முறை வந்தாப் பொறகு அப்பிடி இல்ல, டிஸ்க்ல ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் எண்டு ஃபெட்32ல ஒரு சின்னத் துண்டு இரிக்கும், ஒவ்வொரு ஒப்பரேட்டிங் சிஸ்டமும் தன்ட பூட் ஃபைல அதுக்குள்ள ஒரு ஃபோல்டர்ல வச்சிட்டு, மதர்போர்ட்ல இரிக்கிற ஞாபகத்தில பெயரப் பதிஞ்சி வைக்கும். நீங்க அழிச்சது சி டிரைவ. அந்தச் சின்னத் துண்ட அழிக்கல்ல. அதுக்குள்ள விண்டோஸ்ட பூட் ஃபைல் இன்னும் இரிக்கு, மதர்போர்ட் அதத்தான் கூப்பிடுது, அது வந்து விண்டோஸத் தேடிப் பாத்துட்டு இல்ல எண்ட உடன நீல ஸ்க்ரீனக் காட்டுது.

அப்ப கிரப் ஏன் ஏறல்ல? நீங்க பென் டிரைவ லெகசி முறையில பூட் பண்ணியிரிக்கீங்க எண்டுதான் எனக்குப் படுது. பூட் மெனுவ எடுத்தா (கூடுதலா எஃப்12, எஃப்9, இல்லாட்டி எஸ்கேப்) ஒரே பென் டிரைவ் ரெண்டு தரம் நிக்கும், ஒண்டுக்கு முன்னால யூஈஎஃப்ஐ எண்டு எழுதியிரிக்கும், மத்ததுக்கு இரிக்காது. மத்ததத் தெரிவு செஞ்சா இன்ஸ்டாலர் லெகசி கிரப்பப் போடப் பாக்கும், உங்கட டிஸ்க் ஜிபிடி எண்ட புது முறையில பிரிச்சது, அதில லெகசி கிரப்புக்கு எண்டு தனியா ஒரு குட்டிப் பார்ட்டிஷன் வேணும், அது இல்லாட்டி ஃபெயில்ட்தான்.

இப்ப செய்ய வேண்டியது இதுதான். யூஈஎஃப்ஐ எண்டு போட்டிரிக்கிற அந்த வரியால பென் டிரைவ பூட் பண்ணுங்க. டெர்மினலத் திறந்து எல்எஸ் /சிஸ்/ஃபேர்ம்வெயார்/ஈஎஃப்ஐ எண்டு அடிங்க, ஃபைல் பெயர்கள் வந்தா சரியான வாசலால வந்திரிக்கீங்க, அப்பிடி ஒண்டும் இல்ல எண்டு சொன்னா திரும்பவும் லெகசிதான், வெளிய வந்து மறுகா பாருங்க. சரியா வந்தா போன் ஹொட்ஸ்பொட்டக் குடுத்துட்டு, மின்ட் பென் டிரைவ்லயே இரிக்கிற பூட் ரிப்பேரத் திறந்து, சிபாரிசு செய்யிற ரிப்பேர் எண்ட பட்டன அமத்துங்க. இன்டர்நெட் கட்டாயம் வேணும், யூஈஎஃப்ஐக்குரிய கிரப்ப அது டவுன்லோட் பண்ணித்தான் போடும். முடிஞ்சாப் பொறகு பயோஸ்ல பூட் ஓர்டரப் பாருங்க. மின்ட் எண்டு பெயர் இரிக்காது, உபுண்டு எண்டுதான் நிக்கும், மின்ட் உபுண்டு எண்ட இன்னொரு லினக்ஸுக்கு மேல கட்டினது, பெயர மாத்தாம வச்சிரிக்காங்க. அதைத் தூக்கி முதலாவதா வைங்க. ரெண்டு பேர் போன வருஷம் இதே இடத்தில "மின்ட்டக் காணல்லயே" எண்டு எல்லாத்தையும் அழிச்சிட்டு என்னட்ட வந்தவங்க.

கேள்வி: மகன், விண்டோஸ் 11க்குப் பக்கத்தில உபுண்டு போட்டுத் தந்தாங்க. உபுண்டு நல்லா வேலை செய்யுது, ஆனா விண்டோஸ் மெனுவுல இல்ல. மார்க்ஸ் ஷீட் எல்லாம் அங்கதான். (ஆரையம்பதி, ஆசிரியை)

பதில்: டீச்சர், விண்டோஸ் அங்கதான் இரிக்கு. 2021ல வந்த கிரப் 2.06ல இருந்து, மத்த ஒப்பரேட்டிங் சிஸ்டத்தத் தேடுற வேலைய பாதுகாப்புக்காக ஓஃப் பண்ணி வச்சிரிக்காங்க. /ஈடிசி/டிஃபோல்ட்/கிரப் எண்ட ஃபைலத் திறந்து, கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபோல்ஸ் எண்டு ஒரு வரி சேக்கணும் (சமன் குறிக்கு முன்னால உள்ளதெல்லாம் பெரிய எழுத்து, ஃபோல்ஸ் மட்டும் சின்ன எழுத்து), பொறகு சூடோ அப்டேட்-கிரப் அடிச்சா மெனுவுல விண்டோஸ் வந்திரும். அவசரமா மார்க்ஸ் ஷீட் வேணுமெண்டா இது ஒண்டும் தேவையில்ல, ஓன் பண்ணக்குள்ள பூட் மெனு கீய அமத்தி விண்டோஸ் பூட் மெனேஜரத் தெரிவு செய்யுங்க. அப்ப 48 இலக்க பிட்லொக்கர் கீ (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடுற பூட்டுட சாவி) கேட்டா பயப்படாதீங்க, உங்கட மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள்ள போனா அனேகமா இரிக்கும். எழுதி ஒரு கொப்பிக்குள்ள வைங்க.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. எங்கட கொமியூனிகேஷன் கடையில ஒரு மெஷின்ல உபுண்டு போட்டு ஒரு வருஷம் ஒரு பிரச்சினையும் இல்ல. இப்ப கரண்ட் போய் வந்தா கறுப்பு ஸ்க்ரீன்ல இனிட்ராம்எஃப்எஸ் எண்டு அடைப்புக்குள்ள வந்து நிக்கிது. ஒரு தம்பி வந்து என்னமோ அடிச்சு சரியாக்கினாரு, ரெண்டு நாளையால திரும்பவும் அதே. வாடிக்கையாளர்ட ஸ்கேன் பண்ணின பத்திரம் எல்லாம் இரிக்கு. (சாய்ந்தமருது, கடை உரிமையாளர்)

பதில்: வஅலைக்கும் ஸலாம் நானா. அந்த இடத்தில நிக்கிதெண்டா கிரப்பும் கேர்னலும் சரி, கேர்னல் ஏறி வந்து உள் டிஸ்க்கத் திறக்க ஏலாம வாசல்ல நிக்கிது எண்டு அர்த்தம். கரண்ட் கட்டாகக்குள்ள எழுதிக்கொண்டிருந்தது அரைவாசியில நிண்டு போனா ஃபைல் சிஸ்டத்தில (டிஸ்க்ல ஃபைல்கள அடுக்கி வைக்கிற முறை) கணக்குப் பிசகும். உபுண்டு வழமையாப் பாவிக்கிற ஈஎக்ஸ்டி4 எண்ட ஃபைல் சிஸ்டத்தில ஜேர்னல் எண்டு ஒரு குறிப்புக் கொப்பி இரிக்கு, சின்னப் பிசக அதுவே திருத்திக்கொள்ளும், ஏலாத நேரம்தான் உங்களக் கூப்பிடுது.

எதையும் அடிக்க முதல் டிஸ்க்குக்குப் பக்கத்தில காத வச்சிக் கேளுங்க. டக் டக் எண்டு ஒரே அளவா சத்தம் வந்தா ஓஃப் பண்ணிருங்க, கட்டளை ஒண்டும் வேணாம், முதல்ல டேட்டாவ வேற டிஸ்க்குக்கு எடுக்கணும், பழுதாகிற டிஸ்க்ல திருத்த வேலை பாத்தா இரிக்கிறதும் போயிரும். சத்தம் இல்லாட்டி எக்ஸிட் எண்டு அடிச்சு என்டர் தட்டுங்க, எந்தப் பார்ட்டிஷன்ல பிழை எண்டு அதுவே சொல்லும். /டெவ்/எஸ்டிஏ2 எண்டு சொன்னா, ஃபைல் சிஸ்டத்தப் பாத்துத் திருத்துற கட்டளைய இப்பிடி அடிங்க: எஃப்எஸ்சிகே, ஒரு இடைவெளி, -வை, ஒரு இடைவெளி, /டெவ்/எஸ்டிஏ2. ஓடி முடிய விடுங்க, பொறகு ரீபூட். அந்தத் தம்பி அடிச்சதும் இதாத்தான் இரிக்கும், அதில பிழை இல்ல. ஆனா ரெண்டு நாளையால திரும்ப வருதெண்டா வேற காரணம் ஒண்டு உள்ளுக்கு இரிக்கு.

கல்லடியில கடலுக்குக் கிட்ட ஒரு டியூஷன் வகுப்புல ஒரு மெஷின் எனக்கு இதே வேலை தந்தது. மூண்டு தரம் எஃப்எஸ்சிகே ஓட்டினன், மூண்டு தரமும் சுகமாகி, திரும்ப வந்திச்சு. டிஸ்க்ஸ் எண்ட அப்ளிகேஷன்ல ஸ்மார்ட் விபரத்த (டிஸ்க் தன்ட சுகத்தப் பத்தி தானே வைக்கிற கணக்கு) திறந்து பாத்தன், 5ஆம் வரி, 197ஆம் வரி ரெண்டும் பூச்சியம், அதாவது டிஸ்க்ட தட்டுல பழுது இல்ல, ஆனா 199ஆம் வரி, சிஆர்சி எரர், நூத்துக்கணக்கில நிக்கிது. அது டிஸ்க்குக்கும் மதர்போர்ட்டுக்கும் இடையில தகவல் போற வழியில சிதையுது எண்டுறதுக்கு அடையாளம். மூடியக் கழட்டி சாட்டா கேபிளப் புடுங்கிப் பாத்தா அதுட தங்கக் கலர்ப் பல்லுல ரெண்டு கறுத்துப் போய், ஓரத்தில பாசி மாதிரி மெல்லிசாப் பச்சை. உப்புக் காத்து வேலை. கேபிள மாத்தினன், ராம் ரெண்டையும் கழட்டி ஸ்கூல் பிள்ளைகள்ட அழிறப்பரால கால்கள மெதுவாத் தேச்சு, தூளத் தட்டிட்டுப் போட்டன். 199ஆம் வரி அதுக்குப் பொறகு ஏறவே இல்ல. (அந்த எண்ணிக்கை குறையாது, ஏறாம நிண்டாச் சரி.) உங்கட கடையும் கடலுக்குக் கிட்டத்தானே, முதல்ல இதப் பாருங்க.

இன்னொண்டு. பூட் ஆகக்குள்ள திகதி பல வருஷத்துக்கு முன்னால போய் நிக்கிதா எண்டும் பாருங்க. மதர்போர்ட்ல காசு மாதிரி வட்டமா இரிக்கிற சிஆர்2032 பெட்டரி செத்திருந்தா, கரண்ட் போன உடன நேரம் அழிஞ்சிரும். டிஸ்க்க கடைசியாத் திறந்த நேரம் எதிர்காலத்தில இரிக்கே எண்டு ஃபைல் சிஸ்டம் குழம்பும். சிலதுல பயோஸ் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போய் டிஸ்க்கே காணாமப் போயிரும். பெட்டரி பெரிய விலை இல்ல. யூபிஎஸ் ஒண்டும் போடுங்க நானா, ஆக்கள்ட பத்திரம் இரிக்கிற மெஷின யூபிஎஸ் இல்லாம ஓட்டக் கூடாது.

கேள்வி: பென் டிரைவ்ல பூட் பண்ணினா கிரப் மெனு வருது, பொறகு ஸ்க்ரீன் கறுப்பு, ஃபேன் மட்டும் சுத்துது. என்விடியா கார்ட் உள்ள மெஷின். (அக்கரைப்பற்று)

பதில்: கார்ட் டிரைவர்தான். மெனு நிக்கக்குள்ள ஈ எழுத்த அமத்துங்க, லினக்ஸ் எண்டு தொடங்கிற வரியில குவைட் ஸ்பிளாஷ் எண்டிரிக்கிற இடத்தில நோமோட்செட் எண்டு சேத்திட்டு எஃப்10. இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். இன்ஸ்டால் பண்ணின பொறகு முதல் தரமும் இதையே செய்து உள்ளுக்குப் போய், டிரைவர் மெனேஜர்ல என்விடியா டிரைவரப் போட்டா அதோட முடிஞ்சுது.

கேள்வி: அண்ணா, ஒப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்காக ஃப்ரீபிஎஸ்டி போட்டுப் பழகுவம் எண்டு பாத்தா, பென் டிரைவ்ல பூட் ஆகி எழுத்தெல்லாம் ஓடி, கடைசியில எரர் 19, மவுண்ட்ரூட் எண்டு நிக்கிது. (ஒலுவில், பல்கலைக்கழக மாணவன்)

பதில்: ஃப்ரீபிஎஸ்டியில கை வைக்கிற ஒருவர் இங்க இரிக்கார் எண்டதே எனக்குப் பெரிய சந்தோசம் தம்பி. 1969ல பெல் லேப்ஸ்ல கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கின யுனிக்ஸ் எண்ட ஒப்பரேட்டிங் சிஸ்டம், பேர்க்லி பல்கலைக்கழகம் வழியா வந்து 1993ல ஃப்ரீபிஎஸ்டி ஆனது. லினக்ஸ் அந்தப் பரம்பரையில வந்த கோட் இல்ல, மாதிரியப் பாத்துப் புதுசா எழுதினது. அதால லினக்ஸ்ல படிச்ச டிஸ்க் பெயர் இங்க செல்லாது. சாட்டா டிஸ்க் ஏடிஏ0, பென் டிரைவ் டிஏ0.

எரர் 19 எண்டா, கேர்னல் தேடின டிவைஸ் அந்த நேரம் அங்க இல்ல. கேர்னல அந்தப் பென் டிரைவ்ல இருந்துதானே எடுத்திச்சு, பொறகெப்பிடி இல்லாமப் போகும் எண்டு கேப்பீங்க. அது வரைக்கும் வாசிச்சது பயோஸ்ட உதவியில. கேர்னல் எழும்பின உடன பயோஸ விட்டுட்டு தன்ட டிரைவரால யூஎஸ்பிய முதல்ல இருந்து தேடும், பென் டிரைவ் பதில் சொல்லப் பிந்தினா ரூட்ட (சிஸ்டத்துட அடி ஃபோல்டர்) காணல்ல எண்டு நிண்டுரும்.

அதே இடத்தில கேள்விக்குறிய அடிச்சு என்டர் தட்டுங்க, இரிக்கிற டிவைஸ் எல்லாம் வரும். அதுக்குள்ள யூஎஃப்எஸ்/ஃப்ரீபிஎஸ்டி_இன்ஸ்டால் நிண்டா, யூஎஃப்எஸ்:/டெவ்/யூஎஃப்எஸ்/ஃப்ரீபிஎஸ்டி_இன்ஸ்டால் எண்டு அடிச்சா ஏறிரும் (ஃப்ரீபிஎஸ்டிட எஃப்பும் பிஎஸ்டியும், இன்ஸ்டால்ட ஐயும் பெரிய எழுத்து). நிக்கல்ல எண்டா ரீபூட் பண்ணி, மெனுவுல லோடர் ப்ரொம்ப்டுக்குப் போய், செட் கேர்ன்.கேம்.பூட்_டிலே=10000 (கேம் எண்டது சி, ஏ, எம்), அடுத்த வரியில பூட். பத்தாயிரம் மில்லிசெக்கன்ட், பத்து செக்கன் பொறுத்துட்டுத் தேடும். அதுக்கும் வரல்ல எண்டா வேற யூஎஸ்பி போர்ட். செக்யூர் பூட்ட (கையொப்பம் இல்லாத சிஸ்டத்த எழும்ப விடாத செட்டிங்) ஓஃப் பண்ணித்தான் இவ்வளவு தூரம் வந்திரிப்பீங்க, அதத் திரும்ப ஓன் பண்ணிராதீங்க.

கேள்வி: ஊர் வாசிகசாலைக்கு ஒருவர் பழைய கொம்பியூட்டர் ஒண்டு தந்தார், 1 ஜிபி ராம். எந்த லினக்ஸப் போட்டாலும் இந்த கேர்னலுக்கு எக்ஸ்86-64 சிபியூ வேணும் எண்டு சொல்லி நிக்கிது. குப்பையில போடவா? (கொக்கட்டிச்சோலை)

பதில்: போட வேணாம். உங்கட மெஷின் 32 பிட், டவுன்லோட் பண்றது 64 பிட், அவ்வளவுதான். டெபியன் எண்ட லினக்ஸ்ல, டெபியன் 12தான் 32 பிட் இன்ஸ்டாலரோட வந்த கடைசிப் பதிப்பு, 2025 ஓகஸ்ட்ல வந்த 13ல அது இல்ல. 12ட ஐ386 (32 பிட்) இமேஜ எடுத்து, டெஸ்க்டொப் கேக்கக்குள்ள பாரமில்லாத எல்எக்ஸ்டிஈய மட்டும் டிக் பண்ணுங்க, இல்லாட்டி அன்டிஎக்ஸ் எண்ட பாரமில்லாத லினக்ஸ்ட 32 பிட் இமேஜப் போடுங்க. 1 ஜிபியில பிரவுசர் இழுபடும், அதுக்கு நம்பாதீங்க, லிப்ரே ஒஃபிஸ்ல பிள்ளைகள் டைப் பண்ணிப் பழகவும் பென் டிரைவ்ல குடுக்கிற பிடிஎஃப் வாசிக்கவும் தாராளமாக் காணும். பென் டிரைவ்ல பூட் ஆகாத அளவுக்குப் பழசெண்டா சீடியில எழுதுங்க, நெட்இன்ஸ்ட் இமேஜ் (மிச்சத்த இன்டர்நெட்டால எடுக்கிற சின்ன இமேஜ்) ஒரு 700 எம்பி சீடிக்குள்ள அடங்குதா எண்டு அளவப் பாத்துட்டு எழுதுங்க, அடங்காட்டி டிவிடி.