கோதுமை இனப்பெருக்கம்: பயிர் நெருக்கமும் விளைச்சல் தேர்வும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரு ரகங்களைக் கலந்து வந்த இரண்டாம் தலைமுறைக் கோதுமைச் செடிகளை 30 செ.மீ. இடைவெளியில் நட்டு, தூரும் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) கதிரும் அதிகமிருந்தவற்றைப் பொறுக்கினேன். அவற்றின் சந்ததியை வழக்கமான நெருக்கத்தில் விதைத்தால் விளைச்சலில் ஒன்றுகூட முன்னுக்கு வரவில்லை. தேர்வில் என்ன பிழை?

பதில்: பொறுக்கிய குணமே வேறு. 30 செ.மீ. சதுர நடவில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 11 செடிகள்தான் நிற்கும். வயலில் நிற்பவை 250 முதல் 350. தாராளமாக இடம் கிடைத்த செடி இருபது, முப்பது தூர்கூட வெடிக்கும். நெருக்கத்தில் அதே செடிக்குக் கதிர் பிடிக்கும் தூர் இரண்டு, மூன்றோடு நின்றுவிடும். நீங்கள் எடுத்தது ‘இடம் கிடைத்தால் பரவுவேன்’ என்கிற குணம். அது சந்ததிக்குப் போயிருக்கும். அதைக் காட்டத்தான் வயலில் இடமில்லை.

கலப்புக் கூட்டத்தையே நெருக்கி விதைத்து அதில் தனிச்செடி பொறுக்கினாலும் தப்ப முடியாது. உயரமாக, இலை விரித்து வளரும் செடி பக்கத்துக் குட்டைச் செடியின் வெளிச்சத்தை மறைத்து மணி சேர்க்கும். மறுபருவம் அதையே தனிப் பாத்தியில் விதைத்தால் அண்டை அயலெல்லாம் அதன் உடன்பிறப்புகள். யாரிடமிருந்து பறிக்கும்? 1968இல் ஆஸ்திரேலிய வேளாண் அறிஞர் சி. எம். டொனால்ட் முன்வைத்த மாதிரிக் கோதுமை இதற்கு நேர் எதிர்: குட்டையான உறுதியான தண்டு, நிமிர்ந்த சிறிய சில இலைகள், ஒரே தூர், பெரிய கதிர். போட்டியில் தோற்கும் செடி, கூட்டமாக நின்றால் ஜெயிக்கும் என்பது அவர் வாதம். ஒற்றைத் தூர் என்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. முளைப்பு குறைந்த இடத்தை நிரப்பத் தூர் வேண்டும். ஆனால் அவர் சொன்ன திசை சரி.

கேள்வி: அகல இடைவெளியில் மரபுவழித்திறன் கூடுதலாக வருகிறதே. அப்படியானால் அங்கே தேர்வு செய்வதுதானே லாபம்?

பதில்: மரபுவழித்திறன் என்பது கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டில் மரபின் பங்கு எவ்வளவு என்னும் விகிதம். அது குணத்துக்கு மட்டும் சொந்தமான எண் இல்லை. எந்தச் சூழலில் அளந்தோமோ அந்தச் சூழலுக்கும் சேர்த்துத்தான். நெருக்கத்தில் இரண்டு நாள் முந்தி முளைத்ததும், சற்றுப் பெரிய விதையிலிருந்து வந்ததும் பக்கத்துச் செடியை அமுக்கிவிடும். தற்செயலான சின்ன வித்தியாசத்தைப் போட்டி ஊதிப் பெரிதாக்குவதால் தனிச்செடி அளவில் இந்த விகிதம் சரியும். அகல நடவில் அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் லாபத்தை முடிவு செய்ய இன்னொரு எண் வேண்டும்: இரு நெருக்கங்களிலும் விளைச்சலுக்கு இடையே உள்ள மரபுத் தொடர்பு, அதாவது ஒன்றில் விளைச்சல் தரும் மரபு மற்றதிலும் எவ்வளவு தூரம் விளைச்சல் தருகிறது என்பது. கணக்குக்காக அகல நடவில் மரபுவழித்திறன் 0.49, நெருக்கத்தில் 0.36, மரபுத் தொடர்பு 0.4 என்று கொள்ளுங்கள். தொடர்பை அகல நடவின் வர்க்கமூலத்தால் பெருக்கி, நெருக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வர்க்கமூலங்கள் 0.7, 0.6. அப்போது 0.4 × 0.7 ÷ 0.6 = 0.47. அதாவது நெருக்கத்திலேயே தேர்ந்திருந்தால் கிடைக்கும் முன்னேற்றத்தில் பாதிகூட இல்லை. தொடர்பு 0.9 ஆக இருந்தால் விடை 1.05, அகல நடவு சற்றே முந்தும். இரு பக்கமும் தேர்வின் கடுமை (நூற்றுக்கு எத்தனை செடியைப் பொறுக்குகிறோம் என்பது) ஒன்றே என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு.

கேள்வி: அகல நடவில் நம்பிப் பொறுக்கக்கூடிய குணங்கள் எவை?

பதில்: கதிர் வெளிவரும் நாள், உயரம், துருநோய் எதிர்ப்பு, ஆயிரம் மணி எடை. நெருக்கம் மாறினாலும் இவற்றில் யார் முன், யார் பின் என்ற வரிசை பெரும்பாலும் கலையாது. கதிருக்கு எத்தனை மணி என்பது நடுத்தரம். தூர் எண்ணிக்கையையும் செடி விளைச்சலையும் விட்டுவிடுங்கள். பயிர் சாய்வது அங்கே தெரியவே தெரியாது.

கேள்வி: நெருக்கச் சோதனையில் எல்லா ரகத்துக்கும் பாத்திக்கு 80 கிராம் விதை சமமாகப் போட்டோம். இது சரியான ஒப்பீடா?

பதில்: இல்லை. எடை சமம், செடி சமமில்லை. 1.2 × 5 மீட்டர் பாத்தி, அதாவது 6 சதுர மீட்டர். முளைப்பு 90 சதவீதம் என்று வையுங்கள். ஆயிரம் மணி எடை 40 கிராம் உள்ள ரகத்தில் 80 கிராம் என்பது 2,000 விதை. சதுர மீட்டருக்கு 300 செடி. 50 கிராம் உள்ள பெருமணி ரகத்தில் 1,600 விதை, 240 செடி. 30 கிராம் உள்ள சிறுமணி ரகத்தில் சுமார் 400. ரக வேறுபாடு என்று நீங்கள் எழுதி வைத்த தூர் எண்ணிக்கையில் ஒரு பகுதி வெறும் நெருக்க வேறுபாடு. மரபுவழித்திறன் கணக்கில் அது மரபுப் பங்காகவே ஏறிவிடும்.

ரகத்துக்கு ரகம் விதையை எண்ணிப் போட வேண்டும். ஹெக்டேருக்கான கிலோ கணக்கு எளிது: சதுர மீட்டருக்கு வேண்டிய செடி × ஆயிரம் மணி எடை ÷ முளைப்புச் சதவீதம். 300 × 40 ÷ 90 = 133 கிலோ. விதைத்ததோடு விடாமல், இரண்டு மூன்று இலைப் பருவத்தில் ஒரு மீட்டர் நீளத்தை மூன்று இடத்தில் எண்ணுங்கள். வரிசை இடைவெளி 20 செ.மீ. என்றால் மீட்டருக்கு 60 செடி இருக்க வேண்டும். ஆறு வரிசைப் பாத்தியில் நடு நான்கை மட்டும் அறுங்கள். ஓர வரிசைக்கு வெளிச்சமும் உரமும் கூடுதல், அது விளைச்சலைப் பொய்யாக உயர்த்தும். முனைகளிலும் அரை மீட்டர் கழியுங்கள்.

நெருக்கத்தைப் பெரும் பாத்தியிலும் ரகத்தை அதைப் பிரித்த உட்பாத்தியிலும் வைத்தால் அடர்ந்த பாத்தி நெருக்கம் குறைந்த பாத்தியை நிழலடிக்காது. ஒரே நெருக்கத்தில் மட்டும் சோதித்தால் ரகமும் நெருக்கமும் இணைந்து தரும் விளைவைத் தனியே பிரிக்க வழியில்லை. குறைந்தது இரண்டு நெருக்கம் வேண்டும், மூன்று இருந்தால் நெருக்கத்தோடு விளைச்சல் மாறும் வளைவும் தெரியும்.

கேள்வி: செடி எண்ணிக்கை பாத்திக்குப் பாத்தி மாறிவிட்டது. விளைச்சலைக் கணக்கில் திருத்திக்கொள்ளலாமா?

பதில்: ஏன் மாறியது என்று முதலில் பாருங்கள். எலி தின்றது, விதைப்புக் கருவி அடைத்தது என்றால் திருத்தலாம். அதிலும் செடி பாதியானால் விளைச்சல் பாதியாகாது. மிஞ்சிய செடிகள் தூர் வெடித்து, கதிரில் மணி கூட்டி ஈடுகட்டும். ஆகவே விகிதப்படி பெருக்காமல் செடி எண்ணிக்கையைத் துணை மாறியாக (விளைச்சலோடு சேர்த்து அளந்து, அதன் பாதிப்பைப் புள்ளியியல் கணக்கில் கழிக்கும் எண்) வைத்துத் திருத்துங்கள். ஆனால் அந்த ரகமே மண்ணைத் துளைத்து மேலே வரத் திணறுகிறது என்றால் திருத்தாதீர்கள். அந்தக் குறை விதையின் மரபோடு வந்தது. கணக்கில் கழித்தாலும் வயலில் கழியாது.