திட்டமிட்ட நகரத்தில் சிறு கடைகளுக்கு என்ன வேலை?

சிங்கப்பூரைப் போல எல்லாமே திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரத்தில், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு ஒரு கடைத்தொகுதியும் கைபேசிக்குள் இணையக் கடையும் வந்துவிட்ட பிறகு, சிறு வணிகர்களைக் காப்பாற்ற நகரத் திட்டம் மெனக்கெட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் மெனக்கெட வேண்டும் என்பதே என் பதில். சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். சிராங்கூன் சாலையிலும் ஈசூன், உட்லண்ட்ஸ் குடியிருப்புப் பேட்டைகளிலும் உள்ள மளிகைக் கடைகள், பூக்கடைகள், தையற்கடைகள் ஆகியவற்றின் வரவு செலவை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒரு சிறு தொழில் நிலைக்குமா என்பதில் பாதியை முதலாளியின் திறமையும் உழைப்பும் தீர்மானிக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அவருக்கு எவ்வளவு சிறிய இடம், எத்தனை ஆண்டுக்குக் கிடைத்தது என்பது மறுபாதியைத் தீர்மானிக்கிறது. அந்த மறுபாதி நகரத் திட்டத்தின் கையில் இருக்கிறது.

இங்குள்ள நிறுவனங்களில் 99 விழுக்காடு சிறிய, நடுத்தர நிறுவனங்களே. வேலை செய்வோரில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு பேர் அவற்றில்தான் இருக்கிறார்கள். ஆயினும் இந்தக் கேள்விக்கு எண்களைவிட ஒரு தெருவின் வரலாறு தெளிவான விடை தரும் என்று நினைக்கிறேன்.

மார்க்கெட் ஸ்திரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று உயர்ந்த வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் தெருவில் ஒரு காலத்தில் கடன் கொடுக்கும் தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது தொழிற்கூடங்கள், வரிசையாக இருந்தன. நீளமான ஒரு கூடம், அதில் ஆளுக்கு ஒரு சாய்மேசை, ஒரு மரப்பெட்டகம். பெட்டியடி எனப்பட்ட அந்தச் சிறு இடம்தான் ஒரு முழு நிறுவனத்தின் அலுவலகம். ஒரே கூரையின்கீழ்ப் பல நிறுவனங்கள் வாடகையைப் பகிர்ந்துகொண்டதால், ஊரிலிருந்து முதலும் நம்பிக்கையும் மட்டும் கொண்டுவந்த ஒருவரால் நகரின் மையத்திலேயே தொழில் தொடங்க முடிந்தது. ஐரோப்பிய வங்கிகள் வாசலில் நிறுத்திவைத்த சீன, மலாய், இந்தியச் சிறு வணிகர்களுக்குக் கடன் கிடைத்ததும் அங்கேதான். ஒரு பெட்டியடி அளவு இடம் இல்லாதிருந்தால் அந்தத் தொழிலும் இல்லை, அதை நம்பிய நூற்றுக்கணக்கான மற்றத் தொழில்களும் இல்லை. பிற்பாடு அந்த வட்டாரம் நிதி மையமாக மறுசீரமைக்கப்பட்டபோது கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. நாடு வளர அந்த நிலம் தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மையத்தில் அவ்வளவு சிறிய இடத்தில் தொழில் தொடங்கும் வழியும் அந்தக் கூடங்களோடு சேர்ந்து மறைந்துபோனது.

அதே தெருவில் இன்னொன்றும் நடந்தது. 1968-69ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் தெருவோர வணிகர்களைப் பதிவு செய்தது. ஏறத்தாழ 18,000 பேர் பதிவானார்கள். 1971 முதல் 1986 வரை அவர்களுக்காக உணவங்காடி நிலையங்களும், மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தைகளும் கட்டப்பட்டன. மார்க்கெட் ஸ்திரீட் பகுதியின் அங்காடிக்காரர்களுக்கு 1984இல் கட்டி முடிக்கப்பட்ட கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடக் கட்டடத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டது. பின்னர் அக்கட்டடம் இடிக்கப்பட்டு, 51 மாடிகள் கொண்ட கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் எழுந்தபோது, அதன் இரண்டாம், மூன்றாம் மாடிகளில் 56 கடைகளுடன் மார்க்கெட் ஸ்திரீட் உணவங்காடி நிலையம் மறுபடியும் திறக்கப்பட்டது. வட்டாரத்திலேயே விலை மிகுந்த நிலத்தில் சில சதுர மீட்டர் கடை வைத்து ஒருவர் மீன் சூப் விற்க முடிகிறது என்றால், அது சந்தை தானாகக் கொடுத்த வரம் அன்று. அந்த இடம் அங்கே இருந்தாக வேண்டும் என்று நகரத்தைத் திட்டமிட்டவர்கள் முடிவெடுத்ததால் கிடைத்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நம் உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் சமையலைப் பற்றித்தான் பேசினார்கள். சமையல்காரருக்கு நிற்க இடம் கொடுத்த திட்டமும் அந்தப் பெருமையில் பங்கு பெறத் தகுதியுடையது.

குடியிருப்புப் பேட்டைகளில் கதை சற்றுச் சிக்கலானது. அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) நகரங்களைக் கட்டியபோதே நகர மையம், அக்கம்பக்க மையம், அடுக்குமாடி புளோக்கின் கீழே நாலைந்து கடைகள் என்று படிநிலையாக இடம் விட்டது. மாமாக் கடை எனப்படும் சிறு மளிகைக் கடை, மருந்தகம், சாவி செய்பவர், முடிதிருத்துபவர் எல்லோரும் நடந்துபோகும் தொலைவில் இருப்பது இந்த ஏற்பாட்டின் பயன்தான். 1992 முதல் 1998 வரை கழகம் தன் கடைகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கே அவற்றை விற்றது. உரிமையாளரான கடைக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. என் வாடிக்கையாளர்களில் அப்படி வாங்கியவர்களின் ஏடுகளில் இன்றும் பதற்றம் குறைவு. வாடகை ஏறுமோ என்ற கேள்வி இல்லாததால் அவர்களால் குளிர்பதனப் பெட்டி வாங்கவும், இளம் ஊழியரைப் பழக்கவும், லாபம் குறைந்த சரக்கை ஒரு கிழவருக்காக வைத்திருக்கவும் முடிகிறது. ஆனால் அவர்களில் சிலர் ஓய்வு பெற்றுக் கடையை வாடகைக்கு விடும்போது, அடுத்து வரும் சிறு வணிகர் சந்தை விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. பேட்டைக் கடைகளில் ஏறத்தாழப் பாதி தனியார் கையில் இருப்பதால், அங்கே கழகத்தால் வாடகையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடிவதில்லை. கழகமே வாடகைக்கு விடும் கடைகளில் ஒப்பந்தம் பொதுவாக மூன்றாண்டு. "மூணு வருஷத்துக்கு மேல எதையும் நினைச்சுப் பாக்கிறதில்ல தம்பி" என்று ஒரு தையற்கடை அக்கா என்னிடம் சொன்னார். புதிய தையல் இயந்திரத்தின் விலையை அவருடைய மாத மிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், போட்ட முதல் திரும்பும் முன்பே ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.

கட்டடத்தைக் காப்பது வேறு, கடையைக் காப்பது வேறு என்பதற்குக் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் என்ற பழைய கடைத்தொகுதி அண்மைய சான்று. கடைகள் தனித்தனி உரிமையாளர்களிடம் சிறு சிறு அலகுகளாக இருந்ததால்தான் அங்கே தாய்லாந்து மளிகைக் கடைகளும் உணவகங்களும் கூடி ஒரு சமூகமே உருவானது. பெனின்சுலா பிளாசாவில் மியன்மார்க்காரர்களும் லக்கி பிளாசாவில் பிலிப்பினோக்களும் திரள்வதற்கும் அதே காரணம்தான். கோல்டன் மைல் கட்டடம் 2021இல் மரபுக்காகப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 70 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மொத்தமாக விற்கப்பட்டது. 2023இல் கடைக்காரர்கள் எல்லோரும் வெளியேறினார்கள்.

லிட்டில் இந்தியாவும் இந்தக் கவலையிலிருந்து தப்பவில்லை. 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடுகளில் சிறு வணிகர்களை நீண்டகாலம் காத்தது. அதே சமயம், வாடகை உறைந்துபோனதால் உரிமையாளர்கள் கூரையைக்கூடப் பழுதுபார்க்கவில்லை. 1989இல் அந்த வட்டாரம் மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2001இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. முகப்புகள் வண்ணம் பெற்றன, வாடகை எகிறியது. நகர மறுசீரமைப்பு ஆணையம் வட்டாரத்தின் மையப் பகுதியில் எந்தத் தொழில் பொருந்தும், எது பொருந்தாது என்று விதிகள் வைத்திருப்பது நல்லதுதான். ஆனாலும் மாலை கட்டுபவர் தன் மாதச் செலவைச் சமாளிப்பாரா என்பதை அந்த விதிகள் கவனிப்பதில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிறு கடைக்காரர் செய்யும் ஒரு வேலையைத் திட்டமிடுபவர் எவ்வளவு திறமைசாலியானாலும் செய்ய முடியாது. ஊருக்குப் புதிதாக யார் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்பதை முதலில் உணர்பவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடும் தமிழக, வங்காளதேச ஊழியர்களுக்குப் பணம் அனுப்பும் கடையும், தொலைபேசி அட்டையும், லெம்பு சாலை ஓரத்தில் அவர்கள் ஊர் மீனும் காய்கறியும் எந்த வரைபடத்தைப் பார்த்தும் வந்தவை அல்ல. அருகில் காலியாக இருந்த ஒரு சிறிய கடையை எடுத்து யாரோ ஒருவர் துணிந்து செய்து பார்த்தார், பலித்தது, பக்கத்துக் கடைக்காரரும் செய்தார். பெரிய கடைத்தொகுதியில் இந்தச் சோதனை நடக்காது. அங்கே நுழைவதற்கான முன்பணமும் அலங்காரச் செலவுமே ஒரு சிறு குடும்பத்தின் சேமிப்பை விழுங்கிவிடும்.

சிறு வணிகருக்கு இடம் வேண்டும் என்பதால் எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடைபாதைக்காக நடப்பவரும் விற்பவரும் மோதுவது இங்கே புதிதன்று. கடைவீடுகளின் முன்னால் கூரையோடு செல்லும் ஐந்தடி நடைபாதை, 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் தொடங்குகிறது. மக்கள் நடக்க விட்ட அந்த இடத்தில் வணிகர்கள் சரக்கை அடுக்க, 1888இல் நகராட்சி அதை அப்புறப்படுத்த முனைந்ததும் கடையடைப்பும் கலவரமும் மூண்டன. நடப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே எல்லை வகுக்காமல் எந்த நகரமும் இயங்க முடியாது என்பதை நான் ஏற்கிறேன்.

அண்மைக் காலத்தில் சில நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. 2023இல் நிறைவேறி, 2024 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள சில்லறைக் கடை வாடகை ஒப்பந்தச் சட்டம், அடிப்படை வாடகை அல்லது விற்பனையில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அதைக் கொடு என்று உரிமையாளர் கேட்கும் பழைய முறையை நிறுத்தி, ஒரே கணக்கு முறையைக் கட்டாயமாக்கியது. கணக்கு எழுதுபவன் என்ற முறையில் இதன் பயனை நான் நேரில் காண்கிறேன், வணிகரால் இப்போது அடுத்த ஆண்டின் செலவை முன்கூட்டியே கணிக்க முடிகிறது. வீவக வீட்டிலேயே சிறிய அளவில் கேக் செய்யவும், துணி தைக்கவும், ஒரு நேரத்தில் மூன்று மாணவர்கள்வரை துணைப்பாடம் நடத்தவும் கழகத்தின் அனுமதி தேவையில்லை என்ற ஏற்பாடும் மிகவும் மதிப்புள்ளது. பல பெண்கள் அந்த வழியாகத்தான் தொழிலுக்குள் வருகிறார்கள். ஆனால் வீட்டில் வசிக்காத ஒருவரை வேலைக்கு வைக்க முடியாது என்பதால், தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் அவர்களுக்குக் கடை தேவைப்படுகிறது. சமையலறைக்கும் சந்தை வாடகைக் கடைக்கும் நடுவே படிக்கட்டு இல்லை.

நகர மறுசீரமைப்பு ஆணையம் 2025 ஜூனில் வரைவுப் பெருந்திட்டத்தைக் காட்சிக்கு வைத்தது. ஒவ்வொரு மனையும் எதற்குப் பயன்படும், எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம், தரைத்தளத்தில் கடைகள் வேண்டுமா என்பவற்றைப் பெருந்திட்டம் சொல்கிறது. அந்தக் கடை எவ்வளவு சிறியதாக இருக்கும், வணிகர் எத்தனை ஆண்டு இருக்கலாம் என்பதைச் சொல்வதில்லை. புதிய அக்கம்பக்க மையங்கள் ஒவ்வொன்றிலும் இருநூறு சதுர அடிக்கும் குறைவான சில கடைகளை ஒதுக்கி, வீட்டுத் தொழிலிலிருந்து வருபவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, வாடகை எப்படி ஏறும் என்பதை முதல் நாளிலேயே எழுதிவைத்துப் பத்தாண்டு ஒப்பந்தம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. கேப்பிட்டாஸ்பிரிங்கில் 56 கடைகளுக்கு இடம் கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு இது கடினமான கணக்கே இல்லை.