மதச் சுதந்திரச் சட்டமும் பால்புதுமையினர் உரிமையும்: அமெரிக்க மாநிலங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கூட்டாட்சிச் சட்டமே இருக்கும்போது, மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தை மாநிலங்கள் தனியாகப் போட்டது ஏன்?

பொதுவான சட்டத்திலிருந்து மதத்தைக் காட்டி விலக்குக் கேட்கும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்று 1990இல் ஸ்மித் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு எதிர்வினையாக, அந்த விலக்கைக் கேட்க வழிசெய்யும் கூட்டாட்சி மதச் சுதந்திர மீட்புச் சட்டம் 1993இல் வந்தது. அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1997இல் தீர்ப்பானது. அதன் பிறகுதான் பல மாநிலங்கள் தாங்களே இயற்றின.

கேள்வி: அப்படியென்றால், "என் மதம் ஒப்பாது" என்று கடைக்காரர் தன்பாலின இணையரைத் திருப்பி அனுப்பலாமா?

இச்சட்டம் அனுமதிச் சீட்டு அல்ல, வழக்கில் வைக்கும் எதிர்வாதம். தன் மத நடைமுறைக்குக் கணிசமான சுமை விழுகிறது என்று அவர் முதலில் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், தவிர்க்க முடியாத பொதுநலன் உண்டு, இதைவிடக் குறைந்த கட்டுப்பாட்டில் அதை எட்ட வழியில்லை என்று அரசு நிறுவ வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் வேறு. பாலீர்ப்பைச் (எந்தப் பாலினத்தவர்மீது ஈர்ப்பு என்பதை) சொல்லி மறுப்பதைத் தடுக்கும் மாநிலச் சட்டமோ நகர விதியோ இல்லாத ஊரில் கடைக்காரருக்கு எதிர்வாதமே தேவைப்படாது. கடைகள், உணவகங்கள் பற்றி வரும் வழக்கில் 1964ஆம் ஆண்டுக் கூட்டாட்சிக் குடிமை உரிமைச் சட்டமும் கைகொடுக்காது. பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் அதன் பிரிவில் இனம், நிறம், மதம், பூர்விக நாடு மட்டுமே உண்டு.

கேள்வி: 2015இல் இண்டியானா மாநிலம் இச்சட்டத்தை இயற்றியபோது மட்டும் ஏன் அவ்வளவு கொந்தளிப்பு?

இரண்டு வாசகங்கள்தான் காரணம். லாப நோக்குள்ள நிறுவனமும் மத உரிமை கோரலாம். அரசு தரப்பாக இல்லாத வழக்கிலும் கோரலாம். (அரசு தரப்பில்லை என்பதாலேயே 2013இல் நியூ மெக்சிகோ உச்ச நீதிமன்றம் ஒரு புகைப்பட நிறுவனத்தின் இதே வாதத்தைத் தள்ளியிருந்தது.) ஆளுநர் மைக் பென்ஸ் மார்ச் 26 அன்று கையெழுத்திட்டார், ஏப்ரல் 2 அன்று திருத்தம் வந்துவிட்டது. சேவை, வீடு, வேலை மறுப்புக்கு இச்சட்டத்தைக் கேடயமாக்க முடியாது என்றது திருத்தம். தேவாலயங்கள், மதகுருமார், லாப நோக்கற்ற மத அமைப்புகளுக்கு விலக்கு. ஆனால் மாநிலக் குடிமை உரிமைச் சட்டத்தில் பாலீர்ப்பைச் சேர்க்கவில்லை. ஆகவே இண்டியானாபொலிஸ் போல நகர விதி இருந்தால்தான் உள்ளூரில் புகார் நிற்கும்.

கேள்வி: மிசிசிப்பி சட்டமும் இதே ரகமா?

இல்லை, அதைவிடக் கடுமையானது. 2016இல் வந்த 1523ஆம் மசோதா மதச் சுமையையும் பொதுநலனையும் நீதிமன்றம் எடைபோடும் வேலையையே எடுத்துவிட்டது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும், உடலுறவு அத்தகைய திருமணத்துக்குள் மட்டும், பாலினம் பிறப்பில் முடிவாவது என்ற மூன்று நம்பிக்கைகளைப் பெயர் சொல்லிக் காக்கிறது. திருமண உரிமம் தரும் ஊழியர் எழுத்தில் முன்னறிவித்து ஒதுங்கலாம். ஆனால் உரிமம் தாமதமாகக் கூடாது. வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதால் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அரசியலமைப்புக்கு உகந்ததா என்பதை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை.

கேள்வி: பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கினால்?

உச்ச நீதிமன்றத்தின் 2020 பாஸ்டாக் தீர்ப்புப்படி, 15 அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனத்தில் அது பாலினப் பாகுபாடு. சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் தர வேண்டும். அதே பாகுபாட்டைத் தடுக்கும் மாநில அல்லது உள்ளூர் அமைப்பு இருந்தால் 300 நாள். மனிதவளப் பிரிவுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள்தான் கெடுவைத் தவறவிடுகிறார்கள். உள்புகார் அந்தக் கெடுவை நிறுத்தாது.