பத்து விரலிலும் ஸ்பிரிட் தடவிப் பார்க்கிறேன்

வணக்கம் அக்கா,

எனக்குக் குடியாத்தம் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் பி.எஸ்சி. நர்சிங் படிக்கவைத்தார். நாலு மாதமாக வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ்.

ஐந்து வாரத்துக்கு முன், நைட் டியூட்டியில் விடியற்காலை, ஒரு தாத்தாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டு ஊசிக்கு மூடி மாட்டப் போனேன், நழுவி இடது ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. கிளவுஸைக் கழற்றினால் கடுகளவு ரத்தம். பிதுக்கிப் பிதுக்கிக் கழுவினேன். யாரிடமும் சொல்லவில்லை. முந்தின வாரம்தான் இன்னொரு புதுப்பெண்ணுக்கு இதே மாதிரி ஆகி, "காலேஜில் இதைக்கூடச் சொல்லித்தரலையா" என்று இன்சார்ஜ் சிஸ்டர் வார்டு நடுவில் நிற்கவைத்துக் கேட்டார்.

தாத்தாவின் ஃபைலைப் பார்த்தேன். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் நெகட்டிவ். அப்படியும் மனசு அடங்கவில்லை. ஹாஸ்டலுக்கு வந்ததும் கண்ணுக்குத் தெரியாத காயம் இருக்கிறதா என்று, பத்து விரலிலும் ஸ்பிரிட் தடவி எங்கேயாவது எரிகிறதா பார்க்கிறேன், எரிந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. நரம்பில் மருந்து ஏற்றும் கேனுலா போடும்போது கை நடுங்குகிறது. வீட்டில் மாப்பிள்ளை வேறு பார்க்கிறார்கள். வேலையை விட்டுவிடட்டுமா அக்கா?

தங்கைக்கு,

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், ராத்திரியில் நீ போடும் கணக்கு தப்பாக இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும், மருந்து எதுவும் எடுக்காமல் விட்டாலும், தொற்றுவது ஆயிரத்தில் சுமார் மூன்று பேருக்கு. உனக்குக் குத்தியதோ நெகட்டிவ் என்று எழுதியிருக்கிற தாத்தாவின் இன்சுலின் ஊசி. நிஜமாகக் கவலைப்பட வேண்டியது ஹெபடைட்டிஸ் பி, அது உள்ளவரின் ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவர்களுக்கு நூற்றில் ஆறு முதல் முப்பது வரை போகும். மூன்று டோஸும் போட்டாயா, போட்டபின் டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று பார்த்தார்களா? பத்துக்கு மேல் இருந்தால் போதும். இந்தத் தடுப்பூசியைப் போட்டுவிடுவது மருத்துவமனையின் பொறுப்பு, 2016 மருத்துவக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. கூச்சப்படாமல் கேள்.

ஸ்பிரிட் விஷயத்துக்கு வருகிறேன். நாள் முழுக்கச் சானிடைசர் போட்ட கையில், நகக்கண் ஓரம் உரிந்த தோலில், ஸ்பிரிட் எரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதுவா பரிசோதனை? எரியவில்லை என்றால் அரைமணி நேரம் நிம்மதி, மறுநாள் மனசு அதையே மறுபடி கேட்கும், கொடுக்கக் கொடுக்க இன்னும் கேட்கும். கிளவுஸ் கழற்றியதும் வெளிச்சத்தில் ஒரே தடவை கையைப் பார், சோப்புப் போட்டுக் கழுவு, அத்தோடு சரி. பாட்டிலை ரூமிலேயே வைத்துக்கொள்ளாதே. முதல் நாலைந்து நாள் தவிப்பாகத்தான் இருக்கும், அப்புறம் குறையும்.

ஆனால் உன் கடிதத்தில் ஊசியைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த இன்சார்ஜ் சிஸ்டர்தான். குத்தியது ஒரு நொடி, மறைத்தது ஐந்து வாரம். அவரிடம் சொல்லப் பயமாக இருந்தால் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம் போ, "இந்தத் தேதியில் குத்தியது, அப்போது சொல்லவில்லை, இப்போது பதிவு பண்ணுங்கள்" என்று சொன்னால் போதும், கதை எதுவும் சொல்ல வேண்டாம். அங்கேயும் முடியாது என்றால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம், ரகசியமாக வைத்திருப்பார்கள். இப்போது ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று. அதற்குமேல் எடுக்காதே, அதுவும் இன்னொரு ஸ்பிரிட் பாட்டில் ஆகிவிடும்.

1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடித்தபோது, சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை நீ வேலை பார்க்கும் வேலூருக்குத்தான் கொண்டுவந்து சோதித்தார்கள். அன்று அதைத் தொட்டவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் கொடுக்க மாத்திரை கிடையாது. இன்று எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. மறைப்பதில் உள்ள நிஜமான ஆபத்து இதுதான். இனி குத்தினால் பிதுக்காதே, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு, உடனே சொல். ஊசி போடப் போகும்போதே போட்ட ஊசியை அப்படியே போடும் ஷார்ப்ஸ் டப்பாவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள், மூடி மாட்டுகிற வேலையே இருக்காது.

மாப்பிள்ளை விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேலையை விடுவது பற்றி இப்போது முடிவெடுக்காதே. கேனுலா போடும்போது ஒரு வாரம் சீனியர் யாரையாவது பக்கத்தில் நிற்கச் சொல். இரண்டு வாரத்திலும் தூக்கம் சரியாகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார், நடுராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் போடு.

டைட்டர் எவ்வளவு வந்தது என்று எழுது.