பிரஷ் பழக ரப்பர் பேட் உதவாது

அன்புள்ள சார்,

ஜாஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் பியானோ கலைஞர் பில் எவான்ஸின் ட்ரியோவை (மூவர் குழு) கேட்க ஆரம்பித்தேன். கோவையில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். போன மாதம், ஸ்டிக்குக்குப் பதிலாக டிரம்மைத் தேய்த்து வாசிக்கும் கம்பி பிரஷ் ஒரு ஜோடி வாங்கினேன். வீட்டில் இருப்பது ரப்பர் பிராக்டிஸ் பேட். அதில் எவ்வளவு தேய்த்தாலும் அந்த ‘ஷ்ஷ்’ வரவே இல்லை. அடுக்குமாடி வீடு என்பதால் முழு செட் போட வழியில்லை. எலக்ட்ரானிக் கிட் வாங்கிவிடலாமா? எங்கிருந்து தொடங்குவது? எங்கள் குழுவின் மெலடி பாட்டுகளுக்குப் பிரஷ் வாசிக்க வேண்டும் என்பது ஆசை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாங்க வேண்டாம். வேறு காரணத்துக்காக எலக்ட்ரானிக் கிட் வாங்குவதென்றால் வாங்குங்கள், பிரஷ்ஷுக்காக வேண்டாம். அதன் பேடுகள் அடியை உணர்வதற்காகச் செய்யப்பட்டவை. தேய்ப்பது அவற்றின் கணக்கில் பெரும்பாலும் வராது. பிரஷ் ஒலி வைத்திருக்கும் விலை உயர்ந்த மாடல்கள் உண்டு. அவற்றிலும் வலைத்தோல்மேல் நைலான் பிரஷ்தான் பயன்படுத்தச் சொல்வார்கள், கம்பி பிரஷ் அந்த வலையைக் கெடுத்துவிடும். நீங்கள் வாங்கி வைத்திருப்பதோ கம்பி.

பிரஷ்ஷின் சத்தம் பாதி தோலில் இருக்கிறது. ஸ்னேர் டிரம்மின் மேல்தோலில் வெள்ளையாக, தொட்டால் சொரசொரவென்று ஒரு பூச்சு இருக்குமே, அந்தக் ‘கோட்டட்’ ஹெட்தான் வேண்டும். கம்பிகளின் நுனி அந்தச் சொரசொரப்பில் உரசும்போதுதான் உங்கள் ‘ஷ்ஷ்’ பிறக்கிறது. ரப்பரில் கம்பி ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான கண்ணாடித் தோலில் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டிலும் பாட்டு இல்லை. கோட்டட் ஹெட்டும் நாளாக நாளாக நடுவில் தேய்ந்து கறுத்துப்போகும். அதற்குமேல் அதில் வாசிப்பது கொத்தாத அம்மியில் அரைப்பதுதான். மாற்றிவிடுங்கள்.

ஆகவே உங்களுக்குத் தேவை ஒரு 14 அங்குல கோட்டட் ஹெட், ஒற்றைப் படலம் கொண்டது. டிரம்கூட வேண்டாம், ஹெட் மட்டும். ஒரு துண்டை மடித்து மேஜைமேல் போட்டு, ஹெட்டை அதன்மேல் வையுங்கள். வளையத்துக்குள் துண்டு நிரம்பியிருக்க வேண்டும். தேய்க்கும் சத்தம் உங்களுக்குக் கேட்கும், பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. கோட்டட் தோல் போட்ட சின்ன பிராக்டிஸ் பேடுகளும் கிடைக்கின்றன, ஆனால் 8 அங்குலத்தில் கை முழு வட்டம் போட இடம் இல்லை. ஹெட் வந்து சேரும்வரை பீட்சா பெட்டியின் மூடி போதும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அமெரிக்காவில் டிரம்மர்கள் அட்டையிலும் செய்தித்தாளிலும்தான் தேய்த்துப் பழகியிருக்கிறார்கள். பிரஷ்ஷின் பூர்வீகமே அப்படித்தான்: 1912இல் இல்லினாய் மாநிலத்துக்காரர்கள் இருவர், குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும் கம்பிக் கற்றை ஒன்றுக்கு பேடன்ட் கேட்டார்கள், ஈ அடிப்பதற்காக! டிரம்மர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிரஷ்ஷைப் பற்றி ஒன்றே ஒன்று. வாசித்து முடித்ததும் கம்பிகளைக் கைப்பிடிக்குள் இழுத்துவிடுங்கள். ஒரு கம்பி வளைந்தாலும் அது தோலைக் கீறிக்கொண்டே போகும்.

இனி கை. மெல்லிசையில் இத்தனை நாள் வாசித்த உங்களுக்கு ஸ்டிக் துள்ளி எழும்புவது பழக்கமாகியிருக்கும். பிரஷ்ஷில் அந்தத் துள்ளலை நம்ப முடியாது. கை மேலும் கீழும் போவதைவிடப் பக்கவாட்டில் போவதுதான் அதிகம். எனவே முதலில் வலது கையை மறந்துவிடுங்கள். இடது கை மட்டும், தோலைவிட்டு எழும்பாமல், வட்டம். வட்டத்தின் உச்சியில் ஒன்று, அடியில் இரண்டு, மறுபடி உச்சியில் மூன்று, அடியில் நான்கு. இரண்டிலும் நான்கிலும் லேசாக அழுத்துங்கள், அவ்வளவுதான். எந்தத் திசையில் சுற்றுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 ‘டிக்’கில் வைத்து, அதன் ‘டிக்’கை ஒன்றாக எண்ணாமல் இரண்டாகவும் நான்காகவும் எண்ணுங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும். பரவாயில்லை, ஸ்விங் என்கிற ஜாஸின் அந்த ஊசலாட்ட நடை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

வட்டம் எங்கும் அறாமல், ஒரே பருமனில் ஓடத் தொடங்கிய பிறகுதான் வலது கையில் ‘டிங், டிங்-க-டிங்’. இரண்டு பிரஷ்ஷும் மோதிக்கொண்டால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். வேகமான பாட்டு கடினம் என்று நினைப்போம். பிரஷ்ஷில் தலைகீழ். பாலட் என்கிற மெதுவான பாட்டில் ஒரு பீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் அத்தனை இடத்தையும் தேய்த்தே நிரப்ப வேண்டும், ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

நீங்கள் கேட்கும் எவான்ஸ் பதிவுகளில், 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் எடுத்தவற்றில், டிரம்ஸ் பால் மோஷியன். அற்புதமானவர். ஆனால் தொடக்கக்காரர் அவரைப் பின்பற்றக் கூடாது என்பது என் கட்சி. அவர் தாளத்தைச் சொல்லாமலே விட்டுவிடுவார், நீங்களோ இன்னும் சொல்லவே பழகவில்லை. 1959 முதல் 1965 வரை ஆஸ்கர் பீட்டர்சன் ட்ரியோவில் வாசித்த எட் திக்பென்னைக் கேளுங்கள். அவருடைய பிரஷ்ஷில் ஒவ்வொரு தேய்ப்பும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காதால் பின்தொடரலாம். அவருக்கு முந்தைய தலைமுறைக்கு ஜோ ஜோன்ஸ், 1930களில் கவுண்ட் பேஸி குழுவில் இருந்தவர்.

மேடை விஷயம். ஸ்டிக்குக்கு வைத்த மைக் ஏற்பாட்டில் பிரஷ் எடுபடாது. ஸ்னேருக்கு மேலே நெருக்கமாக ஒரு மைக் கேளுங்கள். மிக்ஸரில் ஸ்னேருக்கு ‘கேட்’ போட்டிருந்தால் அந்த ஒரு பாட்டுக்காவது எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் சின்னச் சத்தத்தையெல்லாம் அது வெட்டிவிடும், நீங்கள் தட்டுவது மட்டும் ஸ்பீக்கரில் வரும், தேய்ப்பது வராது. சவுண்ட்காரர் முறைப்பார். முந்தின நாளே சொல்லிவையுங்கள்.